சித்திக்கும் எனக்கும் பூஜ்யம்

11 ஜூன் 2024

ஆய்வேட்டின் மூன்றாம் இயலை நெறியாளர் சார் திருப்பிக் கொடுத்துவிட்டார். "எடுத்துக்காட்டுல உயிர் இல்லம்மா கீர்த்தி" என்றார். தேனீயும் அணிலும் போட்டிருந்தேன். இரண்டும் உயிருள்ளவைதான். மனிதர்களைப் போடச் சொல்கிறார்.

ஆய்வின் சாரத்தை மாவு மில்லில் நிற்பவருக்கும் புரிகிற மாதிரி ஒரு பத்தியில் எழுதச் சொன்னார். முயல்கிறேன்.

மனிதன் தனக்கு எது அதிகம் பிடிக்கிறதோ அதைத் தேர்ந்தெடுக்கிறான் என்று பொருளியல் சொல்கிறது. ஏன் பிடிக்கிறது என்று அது கேட்பதில்லை. அந்த 'ஏன்' பரிணாமவியலிடம் இருக்கிறது. சொந்தங்களுக்குச் செய்வது நமக்குப் பிடிக்கும். அப்படிப் பிடிக்காதவர்களின் வம்சம் தழைக்கவில்லை. எவ்வளவு செய்யலாம் என்பதற்குக் கணக்கும் உண்டு. அவருக்குக் கிடைக்கும் நன்மையை உறவின் அளவால் பெருக்க வேண்டும். வருவது நம் நஷ்டத்தைவிடப் பெரிது என்றால் செய்யலாம். பெற்றவர், பிள்ளை, கூடப் பிறந்தவர் அரை. அப்பா ஒன்று, அம்மா வேறு என்றால் கால். அத்தை மகன், மாமா மகள் அரைக்கால். மற்றவர்கள் பூஜ்யம்.

சித்திக்குப் படித்துக் காட்டினேன். மீன் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"இத்தக் கண்டுபுடிக்கவா இத்தினி வருஷமா படிச்சிகினு கீற?"

19 ஜூன்

சித்திக்குக் கால் வீங்கியிருக்கிறது. செருப்பு நுழையவில்லை. தம்பி திலீப்பின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனாள். நாள் முழுக்க நின்றுகொண்டு மீன் விற்றால் வீங்கத்தான் செய்யும் என்கிறாள். முகம் ஏன் வீங்கியிருக்கிறது என்று கேட்டேன். முகத்தாலும் நிற்கிறாளாம்.

27 ஜூன்

இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன. டாக்டர் படத்தில் காட்டினார். முந்திரிக்கொட்டை மாதிரி இருந்தது. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் நல்லது.

"வீட்டுல யாராவது குடுப்பாங்களா?"

"இன்னாத்த?" என்றாள் சித்தி.

டாக்டர் மறுபடி சொன்னார்.

"அதெல்லாம் கேட்டு வாங்குற சாமான் இல்ல சார்."

பஸ்ஸில் திரும்பினோம். எல்லையம்மன் கோயில் ஸ்டாப்பில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே நின்றது. அதன் டிரைவரை ஜன்னல் வழியாக நன்றாகத் திட்டினாள். கொஞ்சம் தெம்பாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

2 ஜூலை

இந்த வீட்டின் கணக்கை எழுதி வைக்கிறேன். சார் கேட்ட மனித எடுத்துக்காட்டு.

என் அம்மா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே போய்விட்டாள். அப்பா தேசப்பன் குணசுந்தரியைக் கட்டிக்கொண்டார். திலீப் பிறந்தான். நான் எட்டாவது படிக்கும்போது அப்பாவின் விசைப்படகு திரும்பி வரவில்லை. ஆக, திலீப்புக்கு சித்தி அரை. திலீப்புக்கு நான் கால். அவன் மகள் அம்முவுக்கு அவன் அரை.

சித்திக்கும் எனக்கும் பூஜ்யம்.

தமிழில் அம்மாவின் தங்கையும் சித்திதான், அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்திதான். ஒரே சொல். கணக்கில் கால் பங்கு வித்தியாசம். இதை அடிக்குறிப்பாகப் போடலாம்.

5 ஜூலை

திலீப் வந்தான். துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறான், லோடு இறக்கிய கையோடு வந்திருந்தான். மார்பில் அடித்துக்கொண்டு அழுதான். "எங்கம்மாக்கு நான் குடுக்காம வேற எவன் குடுப்பான்? நாளைக்கே எடுத்துக்கச் சொல்லுக்கா."

கோட்பாடு சரியாக வேலை செய்கிறது.

30 ஜூலை

திலீப்புக்குப் பொருந்துகிறது. எல்லாப் பரிசோதனையும் நன்றாக வந்திருக்கிறது. அவன் மனைவி ஜெயஸ்ரீ எல்லோருக்கும் பாயசம் வைத்தாள். திலீப் குடிக்கவில்லை.

21 ஆகஸ்ட்

திலீப் போனை எடுக்கவில்லை. லோடு அதிகம் என்கிறாள் ஜெயஸ்ரீ. அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

24 ஆகஸ்ட்

எண்ணூர் ரோட்டில் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் போய்ப் பிடித்தேன். வண்டிக்குள் ஏறி உட்காரச் சொன்னான். இரண்டு பேரும் முன்னால் நின்ற லாரியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு பேசினோம்.

"பயமாடா?"

"பயம் இல்லக்கா. கத்தி கித்தி எல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

ரொம்ப நேரம் ஸ்டியரிங்கைத் துடைத்தான்.

"அம்மாக்கு வந்த மாரி அம்முக்கும் பின்னாடி வந்துச்சுன்னா? பரம்பரையா கூட வரும்னு டாக்டரு சொன்னாரு. அன்னிக்கு எங்கிட்ட ஒண்ணுதானே இருக்கும்? அத்த எப்டிக்கா புடுங்கிக் குடுப்பேன்? யோசிச்சிப் பாத்தேன். தூக்கமே வர்ல."

வரிசை நகர்ந்தது. கியரைப் போட்டான். போட்டபடியே அழுதான்.

அவனுக்கு அம்மாவும் அரை, மகளும் அரை. அம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, மகளுக்கு இன்னும் பால் பற்கள் விழவில்லை. சமமான உறவு என்றால் அதிக நாள் வாழப்போகிறவரின் பக்கம் தராசு சாயும். என் மூன்றாம் இயலின் இரண்டாம் பகுதி அப்படியே இதுதான். ஒரு வரியும் படிக்காமல் டிரெய்லருக்குள் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறான்.

அவன்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

25 ஆகஸ்ட்

சித்தியிடம் சொன்னேன். மெதுவாகச் சொல்ல நினைத்து, ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

"சரியாத்தான் சொல்லிக்கீறான்" என்றாள். "நானா இருந்தாலும் எம்புள்ளைக்குத்தான் வெச்சிருப்பேன். அவன ஒண்ணும் கேக்காத. சோறு துன்னானான்னு மட்டும் கேளு."

9 செப்டம்பர்

இன்று நானும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். சும்மா, தகவலுக்காக.

23 செப்டம்பர்

பொருந்துகிறது.

டாக்டரே இரண்டு முறை பார்த்தார். "ரத்த சொந்தம் இல்லன்னு சொன்னீங்களே?" என்றார். இல்லைதான் என்றேன். சில சமயம் இப்படி அமையும் என்றார்.

வெளியே வந்து ஒரு இளநீர் குடித்தேன். தகவல் தெரிந்துவிட்டது. இனி அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கேள்வி. என் கோட்பாட்டின்படி இதில் கேள்விக்கே இடமில்லை. நன்மை எவ்வளவு பெரிதானாலும் பூஜ்யத்தால் பெருக்கினால் பூஜ்யம். நஷ்டம் பூஜ்யத்தைவிடப் பெரிது. கணக்கு முடிந்தது.

இளநீர் நன்றாக இருந்தது. கடைக்காரர் வழுக்கையும் போட்டுக் கொடுத்தார்.

24 செப்டம்பர்

சித்தியிடம் சொன்னேன்.

கையில் இருந்த தட்டை வீசினாள். என்மேல் இல்லை, சுவர்மேல்.

"இன்னாடி பேசுற நீ? கல்யாணம் ஆவாத பொண்ணு, வயித்தக் கீறிக்கினு வந்து நிப்பியா? உன்னிய எவன் கட்டுவான்?"

"இப்ப மட்டும் வரிசையிலயா நிக்கிறாங்க?"

"வாய மூடு."

மூடவில்லை. இருவரும் நன்றாகக் கத்தினோம். பக்கத்து வீட்டு கெங்கம்மா எட்டிப் பார்த்து, வழக்கமான சண்டைதான் என்று தெரிந்ததும் போய்விட்டாள். சித்தியோடு மார்க்கெட்டில் பக்கத்துக் கடை போடுகிறவள். எங்கள் சண்டைக்கு அவள்தான் பழைய ரசிகை.

7 அக்டோபர்

சித்தி பேசுவதில்லை. என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் குழம்புச் சட்டியைப் பார்த்துச் சொல்கிறாள். "உப்பு கம்மியா கீது, கேக்கறவங்க கேட்டுக்கலாம்." எனக்குத்தான் சொல்கிறாள். அவளுக்கு உப்பே கூடாது.

14 அக்டோபர்

சாரிடம் பெயர் சொல்லாமல் கேட்டேன். உறவு பூஜ்யமாக இருந்தும் ஒருவர் இன்னொருவருக்கு உறுப்புக் கொடுக்க முன்வந்தால் நம் கோட்பாட்டில் அதை எங்கே வைப்பது?

பரஸ்பர உதவியாக இருக்கலாம், பழைய நன்றிக்குக் கைம்மாறு என்றார். கைம்மாறு என்றால் இனிமேலும் ஏதாவது கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு வேண்டும் சார், இங்கே ஒன்றும் கிடைக்காது என்றேன். அப்படியானால் மூளை ஏமாந்திருக்கிறது என்றார். இவர் என் சொந்தம் என்று ரத்தத்தைச் சோதித்துப் பார்க்க ஆதி மனிதனால் முடியாது. ஒரே அடுப்பில் தின்று வளர்ந்தால் சொந்தம் என்று மூளை ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. பெரும்பாலும் சரியாக இருக்கும், சில சமயம் தப்பும்.

"அந்த மாதிரி ஒண்ணு ரெண்டு புள்ளி வந்தா நீக்கிடும்மா. கோடு அழகா வரும்."

அந்தப் புள்ளி எதிரில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தது. சரி சார் என்றேன்.

ஏமாந்திருக்கிறேன். தெரிந்த பிறகும் மாறவில்லை. கானல் நீர் என்று தெரிந்தாலும் ரோட்டில் தண்ணீர் தெரிவது நிற்பதில்லையே.

3 நவம்பர்

சித்தி ஐ.சி.யு.வில்.

தீபாவளி முடிந்து டயாலிசிஸுக்குப் போகமாட்டேன் என்று பிடிவாதம். ஒரு முறைதானே என்று விட்டோம். தாகம் தாங்காமல் தெரியாமல் தண்ணீர் குடித்திருக்கிறாள். அவளுக்குச் சிறுநீர் போவதே நின்றுவிட்டது, குடித்ததெல்லாம் நுரையீரலில் கோத்துக்கொண்டது. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவித்தாள். கரையில் போட்ட மீன் மாதிரி என்று எழுத வந்தது. எழுதக் கூடாது. மீன் விற்கிறவள்.

ஆட்டோவில் என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்துவிட்டது. போய்ச் சேருவதற்குள்ள இன்னா டிராபிக்கு, இன்னா டிராபிக்கு, ஒரு லாரிக்காரன் வழி வுடல, நான் இறங்கி அவன் வண்டிய அடிச்சேன், கையால அடிச்சேன், நானா அடிச்சேன்?

8 நவம்பர்

வார்டுக்கு மாற்றினார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பலவீனமாக இருக்கும்போது கேட்டால் உண்மை வரும் என்று நினைத்துக் கேட்டேன்.

"அப்பா போனப்போ என்ன ஏன் மாமா வீட்டுக்கு அனுப்பல? அவங்க வந்து கேட்டாங்கல்ல?"

கண்ணை மூடிக்கொண்டே சொன்னாள்.

"அனுப்பலாம்னுதான் துணியெல்லாம் மடிச்சி வெச்சேன். அன்னிக்கு பஸ் ஸ்ட்ரைக்கு."

"ஸ்ட்ரைக் முடிஞ்சதும்?"

"ஸ்கூல் தொறந்துட்டாங்க. அப்பறம் மறந்துட்டேன்."

பிறகு, "எங்க எழுதிக் குடுக்கணுமோ குடு. போ" என்றாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

12 டிசம்பர்

உறுப்பு மாற்றுக்கான அனுமதிக் குழு.

பெற்றவர், பிள்ளை, உடன்பிறந்தவர், கணவன் மனைவி என்றால் அன்பு இருப்பதாகச் சட்டமே எடுத்துக்கொள்கிறது. மற்றவர்கள் அன்பை நிரூபிக்க வேண்டும். சட்டம் எழுதியவர்களும் என் மூன்றாம் இயலைத்தான் எழுதியிருக்கிறார்கள்.

நீள மேசை. நடுவில் தலைவர், வயதான டாக்டர். பக்கத்தில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர். சித்தியைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். மாஸ்க்குக்குள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன உறவு?"

"சித்தி."

"அம்மாவோட தங்கச்சியா?"

"இல்லை சார். அப்பாவோட இரண்டாவது மனைவி."

எழுதினதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

"எந்த ஏரியா?"

"திருவொற்றியூர்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களைச் சொன்னால் இந்த மாதிரி அறைகளில் நிமிர்ந்து உட்காருவார்கள். காசுக்குச் சிறுநீரகம் விற்ற கதைகள் எல்லோருக்கும் தெரியும். "யாராவது ஏதாவது தர்றதா சொன்னாங்களா?" என்று கண்ணாடி அம்மா மூன்று விதமாகக் கேட்டார். இல்லை என்று மூன்று முறையும் ஒரே விதமாகச் சொன்னேன்.

பிறகு என்ன படிக்கிறேன் என்று கேட்டார்கள். சொன்னேன். தலைவருக்கு ஆர்வம் வந்துவிட்டது.

"அப்ப உங்க ஆய்வுப்படி, நீங்க இந்த அம்மாவுக்குக் குடுக்கணுமா?"

"கூடாது சார்."

"பின்ன ஏன் குடுக்கறீங்க?"

விளக்கம் வைத்திருந்தேன். குறுக்குவழி, ஒரே அடுப்பு, எல்லாம். வாயைத் திறந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள்.

உறவுக்கு ஆதாரமாகக் கூடுதல் சான்றும் சேர்ந்து எடுத்த படங்களும் கொண்டுவரச் சொல்லி ஒத்திவைத்தார்கள்.

15 டிசம்பர்

வீட்டில் தேடினோம். நாங்கள் இருவரும் சேர்ந்து இருக்கும் படம் ஒன்றுகூட இல்லை. திலீப் கல்யாணத்தில் ஒன்று இருக்கிறது. அதில் சித்தி என் பக்கம் திரும்பி எதற்கோ திட்டிக்கொண்டிருக்கிறாள். முகம் தெரியவில்லை.

18 டிசம்பர்

கெங்கம்மா யோசனையில் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனோம். கன்னத்தோடு கன்னம் வைக்கச் சொன்னார் படம் எடுக்கிறவர். சித்தி அவரைப் பார்த்த பார்வையில் அவர் லைட்டைச் சரிசெய்யப் போய்விட்டார். மெட்ரோவில் திரும்பினோம். அவள் தூங்கிவிட்டாள். தலை என் தோளில் சாய்ந்தது. இதை யாராவது படம் எடுத்திருக்கலாம்.

9 ஜனவரி 2025

இரண்டாவது முறை. இதை முழுதாக எழுத வேண்டும்.

படங்களைப் பார்த்த கண்ணாடி அம்மா, "எல்லாத்துலயும் ஒரே புடவையா இருக்கே?" என்றார். ஒரே நாளில் எடுத்தது என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. சாட்சிக்கு வந்த கெங்கம்மாவை அழைத்தார்கள்.

"இவங்க ரெண்டு பேரும் பாசமா இருப்பாங்களா?"

"பாசமா?" கெங்கம்மா யோசித்தாள். "அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்மா. தெனம் சண்ட. தண்ணி லாரி வந்தா சண்ட, இவ லேட்டா வந்தா சண்ட, துன்னலன்னா சண்ட. ஒரு நாளு சத்தம் வர்லன்னா நான் போயி கதவத் தட்டிப் பாப்பேன்."

தலைவர் சித்தியைப் பார்த்தார். "நீங்க என்னம்மா சொல்றீங்க? சம்மதம்தானே?"

சித்தி மாஸ்க்கைக் கழற்றினாள்.

"வாணாம் சார்."

"ஏய் சித்தி, இன்னா பேசுற?"

"நீ சும்மா கெட. சார், நீங்களே சொல்லுங்க. இவளுக்குக் கல்யாணம் ஆவல. நாளைக்குப் புள்ள பொறக்கும். அதுக்கு ஒண்ணு வேணும்னா இவ எங்க போவா? எம்மவன் அவன் பொண்ணுக்குன்னு பத்திரமா வெச்சிகினு கீறான். இவ புள்ளைக்கு மட்டும் வாணாமா? பெத்தவ இருந்தா இதுக்கு வுடுவாளா? அவ இல்ல. அப்ப நான்தானே கேக்கணும்?"

"பொறக்காத புள்ளைக்கு நீ ஏன் இப்பவே கவலப்படுற? இருக்கிறவ நீ. நீ இருக்கணும்."

"நான் இருந்து இன்னா பண்ணப் போறேன்?"

"சண்ட போடு! அதான பண்ற? காலேஜு நீ சொன்னது, ஜடை நீ போட்டது, எல்லாம் உன் இஷ்டம். இந்த ஒண்ணு என் இஷ்டம். என்ன யாருகிட்ட வுட்டுட்டுப் போவ? இன்னும் ஒரு தடவ நான் எவளயும்—"

அங்கே நின்றுவிட்டேன். சித்தி சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து வர முயன்றாள். அடிக்கவா அணைக்கவா, தெரியவில்லை. மூச்சு வாங்கியது, உட்கார்ந்துவிட்டாள்.

தலைவர் ஃபைலை மூடினார். "அம்மா, ஒரே கேள்வி. அவங்க குடுத்தா வாங்கிப்பீங்களா?"

"இவ வுடுவாளா?"

"அது பதில் இல்ல."

சித்தி மேசையைப் பார்த்தாள். "வாங்கிக்கறேன். வேற இன்னா பண்றது."

"சரி. மீதிச் சண்டைய வெளியில போய்ப் போடுங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். போடுவதற்கு மீதி இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் வந்து அனுமதி கிடைத்துவிட்டது என்றார்.

28 ஜனவரி

சாரிடம் விடுப்புக் கேட்டேன். எதற்கு என்றார். அந்தப் புள்ளி நான்தான் சார் என்றேன். விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு, "அப்ப நீக்க வேணாம்மா" என்றார்.

17 பிப்ரவரி

நாளைக் காலை. திலீப் வந்தான். என் காலடியில் உட்கார்ந்து, என் கால் நகங்களை வெட்டிவிட்டான். ஆபரேஷனுக்கு முன் வெட்ட வேண்டும் என்று நர்ஸ் சொன்னாராம். ஒரு விரலில் சதையோடு வெட்டிவிட்டான். அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

25 பிப்ரவரி

வலிக்கிறது. இருமக் கூடாது என்கிறார்கள், அதனால் இருமல் வருகிறது. சித்தி கண்ணாடிக்கு அந்தப் பக்கம். புதியது வேலை செய்ய ஆரம்பிக்கத் தாமதிக்கிறது, சில சமயம் அப்படித்தான் என்கிறார் டாக்டர். நர்ஸ் மூலம் சித்தி சொல்லி அனுப்பினாள்: "அவளுதுதானே? லேட்டாத்தான் எழுந்திருக்கும்."

2 மார்ச்

இன்னும் சரியாக எழுந்திருக்கவில்லை. இன்று ஒரு டயாலிசிஸ். எழுத ஒன்றும் இல்லை.

13 ஏப்ரல்

நேற்று சித்தியை வீட்டுக்கு அழைத்து வந்தோம். முன் அறையை ஜெயஸ்ரீ இரண்டு நாளாகக் கழுவியிருந்தாள். யாரும் கிட்டே வரக் கூடாது, எல்லோருக்கும் மாஸ்க். அம்மு பொம்மைக்கும் ஒன்று கட்டியிருந்தாள்.

இன்று காலையில் சித்தி தானாக எழுந்து பாத்ரூம் போனாள். தாழ்ப்பாள் போட்டாள். கூடத்தில் நாங்கள் எல்லோரும் இட்லி தின்றுகொண்டிருந்தோம். உள்ளே சிறுநீர் போகும் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. நன்றாக, தாராளமாகப் போய்க்கொண்டே இருந்தது. கெங்கம்மா கையில் இட்லியோடு அப்படியே இருந்தாள். திலீப் ரிமோட்டை எடுத்து டி.வி. சத்தத்தைக் குறைத்தான்.

"இன்னா எல்லாரும் கம்முனு கீறீங்க?" என்று உள்ளே இருந்து கத்தினாள். "எவன் செத்தான்?"

யாரும் சாகவில்லை என்று ஜெயஸ்ரீதான் பதில் சொன்னாள்.